முத்து உருளும் நாடி

சீன டாக்டர் பாலசுந்தரம் சீனாவுக்குப் போனவரில்லை. கொழும்பு வரைக்கும்தான் போனார். அங்கே நாற்பத்திரண்டு நாள் தங்கி ஊசி குத்தும் சீன வைத்தியம் படித்தார். ஒரு சான்றிதழ், ஒரு டப்பா ஊசி, உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு ரப்பர் பொம்மை, சீனப் பெருஞ்சுவர் படம் போட்ட காலண்டர் ஒன்று, இத்தனையும் வாங்கிக்கொண்டு ராமேஸ்வரம் வழியாக ஊர் திரும்பினார். அதற்கு முன்னால் பதினாறு வருசம் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டவர். கீழப்பழுவூர்ப் பக்கம் துள்ளித் திரிந்த சீமைக் கன்றுகளில் பாதி அவர் கை பட்டு உண்டானவை. இது ஊருக்கே தெரியும். அவர் மட்டும் அதை மறந்துவிட்டார்.

எண்பத்து நாலாம் வருசம் ஆனி மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில், போர்டு ஏறியது. 'டாக்டர் சி. பாலசுந்தரம், அக்கு. (கொழும்பு), சீன மருத்துவ மாமணி.' மாமணி பட்டம் யார் கொடுத்தது என்று போர்டு எழுதின பெயின்டர் கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்கெதுக்கு, எழுத்தைப் பெருசா போடு" என்று பதில் வந்தது.

அந்த மாடிப்படி ஏறிப் பிழைத்த முதல் ஆள் கீழப்பழுவூர் காலனி இருசம்மாள். மூட்டு வலிக்காரி. ஆறு தடவை குத்திக்கொண்டு வந்து, குத்த வைத்து உட்கார்ந்து எழுந்து காட்டினாள். பக்கத்து வீட்டு வேம்புவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"புள்ளை இல்லாதவங்களுக்கும் குத்துறாராம்டி. மொதல்ல கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். ஒரு பொம்மையில ஊசியக் குத்தி வெச்சிருக்காரு. நான்கூட யாருக்கோ செய்வினை வைக்கிறாருன்னு நெனைச்சேன். செவுத்துல ஒரு கோட்டை படம் இருக்கு. செஞ்சிக் கோட்டையான்னேன். கோவிச்சுக்கிட்டாரு."

"வலிக்குமாக்கா?"

"நெருஞ்சி முள்ளு மாதிரிதான். உங்க மாமியா பேச்சை விடவா வலிக்கப் போவுது?"

வேம்புக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம். அவள் மாமனார் பாவாடை, பண்ணையார் வீட்டு மாடு மேய்த்துச் செத்தவர். மகன் தர்மன் அந்த வேலைக்குப் போகாமல் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றினான். குவாரியிலிருந்து அவன் வெள்ளையாக வருவான். புருவமும் மீசையும் நரைத்த கிழவன் மாதிரி வந்து, குளித்துவிட்டு முப்பத்திரண்டு வயசுக்காரனாகத் திரும்புவான். வேம்பு களைவெட்டுக்கும் கடலை பிடுங்கவும் போனாள்.

மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு கட்டு அந்த வீட்டுக்கு உண்டு. பங்காளிகள் இருபத்தோரு குடும்பத்துக்கும் பொதுவான குலசாமிப் பெட்டி அங்கேதான், உள்வீட்டு மூலையில், மஞ்சள் துணி சுற்றி இருந்தது. பெட்டிக்குக் காவல் மாமியார் பொன்னாயி. பெட்டி இருக்கும் வீட்டில் தூரமான பொம்பளை மூன்று நாள் நிழல்கூட விழவிடக் கூடாது. ஆட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். காலனியில் மற்றப் பெண்கள் அந்த நாளில் களைக்கொத்தும் கையுமாகக் கடலைக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருக்க, வேம்பு மட்டும் சாய்ப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாய்ப்பு தெருவைப் பார்த்தது. ஒன்பது வருசமாக மாசம் தவறாமல் தெரு அவளைப் பார்த்தது. 'இந்த மாசமும் இல்லை' என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொல்லை ஊரில் பொன்னாயிக்குத் தம்பி இருந்தார். தம்பிக்குத் தனம் என்று ஒரு மகள். "தை பொறக்கட்டும்" என்று பொன்னாயி சொல்ல ஆரம்பித்திருந்தாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. தை பிறந்தால் தனம் இந்த வீட்டுக்கு வருவாள் என்பது ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். தர்மன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவனுக்குப் பீடி தீர்ந்துபோகும். வாங்கக் கடைக்குப் போய்விடுவான்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு புதன்கிழமை, வேம்பும் தர்மனும் மாடிப்படி ஏறினார்கள். கீழேயிருந்து யூரியா வாடை கூடவே ஏறி வந்தது.

டாக்டர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். தர்மன் முகம் மலர்ந்து, "நம்ம மாட்டாஸ்பத்திரி சாருங்களா! எங்க செவலைப் பசுவுக்கு நீங்கதான..." என்று தொடங்கினான்.

டாக்டர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "உட்காருங்க" என்றார்.

வேம்புவின் இடது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடினார். சீனத்தில் நாடி இருபத்தெட்டு வகை என்றும், அவற்றில் ஒன்று வில்லின் நாண் போல விறைக்கும் என்றும், ஒன்று மூங்கிலைக் கத்தியால் சுரண்டுவது போல நடக்கும் என்றும், கர்ப்பமான பெண்ணின் நாடி தட்டில் முத்து உருள்வது போல வழுக்கிக்கொண்டு ஓடும் என்றும் சொன்னார். கொழும்பில் கேட்டதை அப்படியே சொல்லும்போது அவர் குரலே மேடைத் தமிழாக மாறிவிடும்.

பிறகு கேள்விகள். அதுதான் வேம்பு எதிர்பார்க்காதது.

"கால் சில்லுன்னு இருக்குமா?"

"இருக்குங்க."

"தூக்கம்?"

"பொழுது விடியறப்பத்தான் வருதுங்க."

"அழுகை வருமா? வந்தா எப்ப வரும்?"

வேம்பு புருசனைப் பார்த்தாள். ஒன்பது வருசத்தில் ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்வி. "கெணத்துல தண்ணி சேந்தறப்ப வருதுங்க" என்றாள். "கயிறு மேல வர்றப்ப இல்லை. வாளி கீழ போவறப்ப."

டாக்டர் அதை நோட்டில் எழுதினார். எதற்கு எழுதினார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் எழுதினார்.

"ரெண்டு பேருக்கும் குத்தணும். ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான் உயிர்னு சீனாக்காரன் சொல்றான்" என்று ஊசி டப்பாவைத் திறந்தார். தர்மன் எழுந்து, "பீடி தீந்து போச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று படி இறங்கினான். வேம்பு இறங்கி வரும்வரை அவன் கடையிலேயே இருந்தான்.

தொப்புளுக்குக் கீழே, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முழங்காலுக்கு அடியில், கட்டை விரல் சந்தில் என்று பன்னிரண்டு ஊசி. பிறகு ஏதோ தழையை உலர்த்தித் தாளில் சுருட்டிய தடிச் சுருட்டு ஒன்றைக் கொளுத்தி வயிற்றுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினார். "அரை மணி அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கீழே பஸ் கண்டக்டர் திருமானூர், திருமானூர் என்று கூவினான். வேம்பு அசையாமல் படுத்திருந்தாள். பட்டப்பகலில், யாரும் எதற்கும் கூப்பிடாமல், மல்லாந்து படுத்துக் கிடந்த அரை மணி நேரம் அவள் ஆயுசில் அதுதான் முதல். ஊசி வேலை செய்ததோ இல்லையோ, அந்த அரை மணிக்காகவே அவள் புதன்கிழமைகளை எதிர்பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு மாசம் போனபின் டாக்டர் ஒரு புது விதி சொன்னார். தூரமான ரெண்டாம் நாள் வந்து குத்திக்கொள்ள வேண்டும்.

"அன்னிக்கு நான் சாய்ப்பை விட்டு நகரக் கூடாதுங்களே."

"சீனாக்காரன் ரெண்டாயிரம் வருசமா நாள் கணக்கு பாத்து வெச்சிருக்கான்மா. உங்க மாமியா அதை ஆட்டுக்கொட்டாயில கட்டிப்போட்டா நான் என்ன பண்றது? ரெண்டாம் நாள் வந்தாத்தான் பலிக்கும். இல்லைன்னா இத்தனை நாள் குத்தினதும் தண்டம்."

தை பிறக்க இன்னும் நாலு மாசம் இருந்தது.

ஆவணியில் கடலைக்குக் களைவெட்டு. ஒரு திங்கட்கிழமை காலை, கொல்லையில் குனிந்து கொத்திக்கொண்டிருந்தபோது வேம்புக்குத் தூரமானது. இருசம்மாளிடம்கூட மூச்சுவிடவில்லை. துணியை மோட்டார் கொட்டகை வாய்க்காலில் அலசி, சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் உலர்த்தினாள். அன்று ராத்திரி வீட்டுக்குள்ளேயே படுத்தாள். மூலையில் பெட்டி இருந்த பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்து, 'ஒரே ஒரு தடவை பொறுத்துக்க சாமி, உனக்கும் வெளக்கேத்த ஒரு புள்ளை வேணும்ல' என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் களைப்பாக இருக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டவுன் பஸ் ஏறினாள். படியில் காலை வைத்து இன்னொரு ஆளும் ஏறியது. பொன்னாயி.

"நீ எங்கத்தை?"

"நானும் வரேன். அந்த ஆளு என்னதான் பண்றாருன்னு பாக்கணும்." உட்கார்ந்ததும் குரலைத் தணித்து, "அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் நீ ஒதுங்குவ. நேத்தே ஒதுங்கியிருக்கணும். ஒதுங்கலை. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அந்த முகத்தில் வேம்பு இதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. பயமா சந்தோசமா என்று பிரிக்க முடியவில்லை.

பன்னிரண்டு கிலோமீட்டரும் வேம்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் மாடி ஏறியதும் முதலில் பேசியது பொன்னாயிதான்.

"டாக்டரே, இந்த மாசம் எம் மருமவ இன்னும் ஒதுங்கலை. நாள் தள்ளிப் போயிருக்கு. கையப் புடிச்சுச் சொல்லுங்க."

டாக்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். மூன்று விரலும் மணிக்கட்டில் அழுந்தின.

"டாக்டரய்யா, நான் ஒண்ணு..."

"உஷ்! நாடி பேசுறப்ப மனுசங்க பேசக் கூடாது."

அறையில் மின்விசிறி மட்டும் கடகடத்தது. டாக்டரின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. புருவம் ஏறியது. கண்ணைத் திறந்தபோது அதில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

"உருளுதும்மா" என்றார். "முத்து உருளுது. தட்டுல உருள்ற மாதிரி உருளுது!"

ரெண்டாம் நாள் வயிற்று வலியோடு வேம்பு அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பொன்னாயி இரு கையையும் தலைக்குமேல் கூப்பினாள். டாக்டர் சுருட்டை எடுத்துக் காட்டி, இனி இதுவும் வேண்டாம், கணுக்காலில் குத்தவும் கூடாது, குத்தினால் கரு கலங்கிவிடும் என்று விளக்கினார். பொன்னாயி அந்தச் சுருட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவளும் சுருட்டுக்காரிதான்.

"இதைக் காட்டினதாலயா புள்ளை உண்டாச்சு? நான் நாப்பது வருசமா ஊதறேன். எனக்கு ஒண்ணோட நின்னு போச்சே!"

சிரித்த சிரிப்பில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கிழவி அழுவதை வேம்பு பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிசத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாளும் சாய்ப்பு காலியாகக் கிடந்தது. தெருவுக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? "வேம்பு முழுகாம இருக்காளாம்" என்று கொல்லைக்குக் கொல்லை சேதி நடந்தது. மாங்காய் வந்தது. விளாம்பழம் வந்தது. பொன்னாயி விடைக்கோழி அடித்து, மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். மருமகளின் களைக்கொத்தைப் பிடுங்கிக் கூரை எரவாணத்தில் செருகினாள். "நீ குனியாத. நான் போறேன் களைக்கு" என்று அறுபது வயதில் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். தனத்தின் பெயர் வீட்டில் அதன்பிறகு கேட்கவில்லை.

வேம்பு அடுப்படியில் தனியாக இருக்கும்போது தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள். இருபத்தெட்டு வகை படித்த மனுசர் சொல்கிறார். ஒருவேளை வரப்போகிறதை முன்கூட்டியே சொன்னாரோ? விரலுக்குக் கீழே ஏதோ துடித்தது. முத்தா, வெறும் ரத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புருசனிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனாள். வெள்ளைப் பள்ளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. தர்மன் கல்லைத் தோளுக்குத் தூக்கி லாரியில் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"நீ ஏன் இந்த வெயில்ல வந்த? ஏ புள்ள, நெழல்ல உக்காரு."

லாரி டிரைவர் அங்கமுத்து மேலேயிருந்து கத்தினான். "என்ன தர்மா, இனிமே உன்னைய ஒத்தைக் கல்லுக்கு ரெண்டு கல்லா தூக்கச் சொல்லணும் போலருக்கே! ஒம்போது வருசமா புழு பூச்சி இல்லாம இருந்தியே, சீனாக்காரன் வந்துதான் உன்னைய ஆம்பளையாக்கினான்!"

எல்லாரும் சிரித்தார்கள். தர்மனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் வேம்புக்கு விளங்கியது, சாய்ப்பு இவனுக்கும் ஒன்று இருந்திருக்கிறது என்று. அது இந்தக் குவாரி. தினமும் கல்லோடு கல்லாக இதையும் சுமந்திருக்கிறான். வாய்க்கு வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு தூக்குவாளியைத் திறந்தாள்.

புரட்டாசி பிறந்ததும் நோட்டீஸ் வந்தது. ரோஸ் நிறத் தாள்.

'ஒன்பது ஆண்டு மலடு ஒன்பதே வாரத்தில் ஒழிந்தது! சீன மருத்துவத்தின் மாபெரும் வெற்றி! கீழப்பழுவூர் திருமதி வேம்பு தர்மன் அவர்களுக்குப் பாராட்டு விழா. தலைமை: முன்னாள் சேர்மன் கண்ணையன் அவர்கள்.' 

கண்ணையனுக்குச் சேர்மன் பதவி போய் ஏழெட்டு வருசம் ஆகிறது. ஜீப்பும் போய்விட்டது. ஆனால் மாலைக்குக் குனியும் பழக்கம் மட்டும் கழுத்திலேயே தங்கிவிட்டது. 'முன்னாள்' என்ற சொல்லை முடிந்தவரை சின்ன எழுத்தில் போடச் சொன்னது அவர்தான் என்று அச்சாபீஸில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் காரில் வந்து, வேம்புவை வீட்டிலிருந்தே மாலை போட்டு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

தன் பெயரை அச்சில் பார்த்ததே இல்லாத வேம்பு, 'மலடு' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அதை முதன்முதலாகப் பார்த்தாள். மறுநாள் புதன்கிழமை. தனியாகப் பஸ் ஏறினாள்.

டாக்டர் ரப்பர் பொம்மைக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாளுங்க. நீங்க சொன்ன நாள்லதான் வந்தேன். அத்தை கூட இருந்ததால வாயைத் தெறக்க முடியலை. நாடி பேசுதுன்னு நீங்களும் பேச விடலை."

டாக்டர் பொம்மையை மேசைமேல் வைத்தார். அது நிற்காமல் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார்.

"நிச்சயமா தெரியுமா?"

"இது எனக்குத் தெரியாதுங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத முகத்தில் பழைய மாட்டாஸ்பத்திரி உதவியாளர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"முத்து உருண்டுச்சும்மா. சத்தியமா விரல்ல பட்டுச்சு. உங்க மாமியா சொன்ன சொல்லு காதுல விழுந்தது, அது விரலுக்கு எறங்கிடுச்சு போலருக்கு." பிறகு குரல் இன்னும் தணிந்தது. "நோட்டீஸ் ஆயிரம் போயிடுச்சு. சேர்மன் வராரு. ஞாயித்துக்கிழமை மட்டும் சமாளிச்சிடு. ஒரு பத்து நாள் கழிச்சுக் கலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். உனக்கும் நல்லதுதான்மா அது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்த மனுசர் சொன்னதில் உண்மை இருந்தது. கலைந்துபோனவளுக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. ஒரு தடவை தங்கினது இன்னொரு தடவையும் தங்கும் என்பார்கள். பொன்னாயி ஒப்பாரி வைத்து, சுக்குக் கஷாயம் கொடுப்பாள். தை தள்ளிப்போகும். எல்லாம் சரியாக இருந்தது.

"இல்லாத புள்ளையை நான் எப்படிங்க சாவ விடறது?" என்றாள். "இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அது வரட்டும், வராம போவட்டும். செத்துப் போச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் படி இறங்கப் போனபோது கூப்பிட்டார்.

"வேம்பு. ஒண்ணு சொல்றேன். இது கொழும்புல படிச்சது இல்லை. மாடு சினை நிக்கலைன்னா நாங்க மொதல்ல காளையோட விந்துவைத்தான் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்போம். பசுவை அப்புறம்தான் தொடுவோம். பதினாறு வருசம் அப்படித்தான் செஞ்சேன். மனுசங்ககிட்ட வந்ததும் அதைச் சொல்ற தைரியம் எனக்கு இல்லாம போச்சு. உம் புருசன் பீடி வாங்கப் போனாரு, நானும் விட்டுட்டேன். திருச்சி பெரியாஸ்பத்திரியில ஆம்பளைக்கும் அப்படிப் பாக்கறாங்க. ஒரு நாள் வேலைதான்."

அந்த மாடியில் அவர் மேடைத் தமிழ் கலக்காமல் சொன்ன முதல் வைத்தியம் அது.

விழாவை நிறுத்தச் சொல்ல டாக்டருக்கும் வாய் வரவில்லை, வேம்புக்கும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வேம்புக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை ஒரு நாள் முந்தி. பொன்னாயி பெட்டிமேல் சூடம் ஏற்றிவிட்டு, மருமகளுக்கென்று எடுத்த வாடாமல்லிச் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். வாசலில் இருசம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மறைக்கலாம். மறைக்கத் தெரியும். போன தடவை மறைத்த சோளத்தட்டைப் போர் அப்படியேதான் இருக்கிறது.

வேம்பு மூலையில் கவிழ்த்திருந்த தட்டையும் சொம்பையும் எடுத்தாள். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து போய்ச் சாய்ப்பில் உட்கார்ந்தாள்.

இருசம்மாள் கோலப்பொடியோடு அப்படியே நின்றாள். பொன்னாயி சேலையும் கையுமாக ஓடி வந்தாள்.

"அடிப் பாவி! கலைஞ்சு போச்சாடி?"

தப்பிப் போகச் சந்து ஒன்றை யாரோ திறந்துவிட்டது போல இருந்தது. 'ஆமாத்தை' என்றால் போதும்.

"இல்லத்தை. உண்டானாத்தான கலையறதுக்கு. போன மாசமும் ஒதுங்கினேன். ஒளிச்சிட்டேன். டாக்டரு ரெண்டாம் நாள் வரச் சொன்னாரு, அதான்."

"உள்ளயா படுத்த? பெட்டி இருக்கற வூட்டுலயா?"

"ஆமாம்."

பொன்னாயி உள்ளே போனாள். மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. தர்மன் முருங்கை மரத்தடியில் சவரம் பாதி, சோப்பு பாதி முகத்தோடு நின்றான்.

அந்த நேரம் பார்த்து வாடகை அம்பாசிடர் வந்து நின்றது. முன்னால் கண்ணையன், பின்னால் டாக்டர், மடியில் ஆள் உயர ரோஜா மாலை. டாக்டர் சாய்ப்பைப் பார்த்தார். பார்த்ததும் காரைவிட்டு இறங்காமலேயே இருந்துவிடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"எங்கம்மா அந்த பாக்கியசாலி?" என்று கண்ணையன் கையைக் கூப்பிக்கொண்டே வந்தார்.

பொன்னாயி வெளியே வந்தாள். நேராகக் கார்க் கதவுக்குப் போய், ஜன்னல் வழியாகத் தன் கையை நீட்டினாள்.

"டாக்டரே, என் நாடியப் பாருங்க."

"எதுக்கும்மா..."

"புடிங்க. எனக்கு அறுவது வயசு. புருசன் செத்து இருவது வருசம். எத்தினி முத்து உருளுதுன்னு சொல்லுங்க."

டாக்டர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தொடவில்லை. தெருவில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். பொன்னாயி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, யாருக்கென்று இல்லாமல் சொன்னாள்.

"ஒரு மாசமா உள்ள இருக்கற சாமிக்கும் தெரியலை. ஊசி வெச்சிருக்கற இவருக்கும் தெரியலை. கூடவே படுத்திருந்த எனக்கும் தெரியலை. அப்புறம் யாரைப் போயி கேக்கறது?"

கண்ணையன் நிலைமையைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிசம் ஆனது. புரிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்குத் தவுட்டுப் பாளையத்தில் ஒரு வாசகசாலைத் திறப்பு இருப்பது ஞாபகம் வந்தது. கார் திரும்பிப் போனது. மாலையும் கூடவே போனது. அது அன்று மத்தியானம் எப்படியும் அவர் கழுத்தில் ஏறியிருக்கும்.

கூட்டம் கலைந்தது. வெயில் ஏறியது. பொன்னாயி தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, எட்ட நின்று வேம்புவின் தட்டில் தள்ளினாள்.

"எம் தம்பிக்கு ஆள் சொல்லி வுடணும்" என்றாள். குரலில் வீம்பு இருந்தது, பலம் இல்லை. "தின்னு. பட்டினி கெடக்காத." போய்விட்டாள்.

வேம்பு சாப்பிட்டு முடிக்கும்வரை தர்மன் ஆட்டுக்கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றான். சோப்புக் காய்ந்து பாதி முகம் வெள்ளையாக இருந்தது.

"நாளைக்கு குவாரியில என்னென்ன சொல்லுவானுவோ" என்றான்.

"சொல்லுவாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் குவாரிக்கு வந்தேன். நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பை எப்படிங்க அழிக்கறது?"

அவன் பீடிக் கட்டை எடுத்தான். கட்டில் நிறைய இருந்தது. ஒன்றை உருவி, பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். வேம்பு, டாக்டர் படியில் கூப்பிட்டுச் சொன்னதைச் சொன்னாள். காளை என்ற சொல்லையும் விடாமல் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. தரையில் குந்தினான்.

"கத்தி கித்தி வைப்பாங்களா?"

"அதெல்லாம் இல்லையாம். கண்ணாடியில வெச்சுப் பாப்பாங்களாம்."

"எங்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டா?"

வேம்பு யோசித்தாள். ஒன்பது வருசம் இதே கேள்வியோடு இந்தச் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"அப்பவும் சோறு திங்கத்தான செய்யணும்" என்றாள். "எங்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னுதான ஊரு இத்தினி நாளா சொல்லுச்சு? நான் இருக்கேன்ல."

உள்ளேயிருந்து பொன்னாயி, "டேய் தர்மா, அந்தப் பக்கம் ஒட்டாத! பொட்டி இருக்கற வூடு!" என்று கத்தினாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கே கெளம்பிடலாமா?" என்றான்.

"நாளைக்கா? நான் ஒதுங்கியிருக்கேனே. ரெண்டாம் நாளு."

தர்மன் பீடியைக் காதில் செருகிக்கொண்டான்.

"இருந்தா என்ன? பாக்கப் போறது என்னையத்தான?"